எஸ்டிபி, எஸ்டிசி என்று மாறும் டிஸ்க்: உபுண்டுவுக்கு நிலையாக அடையாளம் காட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஃபோட்டோ ஸ்டுடியோவில் உபுண்டு போட்ட டெஸ்க்டாப் இருக்கிறது. ஒரே மாடலில் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, கல்யாணப் படங்களை இரவில் தானாக பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒருநாள் டிஸ்க் எஸ்டிபி என்று வருகிறது, மறுநாள் எஸ்டிசி என்று வருகிறது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி1 என்று எழுதிவைத்தேன். டிஸ்க்கைச் சொருகாமல் கம்ப்யூட்டரைப் போட்டபோது கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. சரியான டிஸ்க் சரியான இடத்தில் தானாக மவுன்ட் ஆக, அதாவது ஒரு ஃபோல்டரோடு இணைந்து திறக்க, என்ன வழி?

பதில்: முதல் வேலையாக, எஃப்எஸ்டேப்பில் நீங்கள் எழுதிய அந்த வரியின் தொடக்கத்தில் # போட்டு அதை முடக்குங்கள். எஸ்டிபி என்பது உங்கள் டிஸ்க்கின் பெயரே அல்ல. உபுண்டுவின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி என்று வந்த வரிசையில் எழுத்துக் கொடுக்கும். யூஎஸ்பி டிஸ்க், பென் டிரைவ், உள்ளே இருக்கும் சாட்டா டிஸ்க் எல்லாம் ஒரே வரிசைதான். ஸ்டுடியோ என்பதால் கார்டு ரீடரும் சொருகியிருப்பீர்கள். பல கார்டு ரீடர்கள் உள்ளே கார்டு இல்லாவிட்டாலும் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். நேற்றைய எஸ்டிபி இன்று வேறொரு டிஸ்க்காக இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். இந்த எழுத்தை மட்டும் நம்பி ஃபார்மட் கொடுத்தால் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களே போய்விடும்.

நம்பவேண்டியது யூயூஐடியை. ஃபார்மட் செய்யும்போது பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதப்படும் அடையாள எண் அது. ஃபார்மட் வகை இஎக்ஸ்டி4 என்றால் கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து நீளம் இருக்கும். என்டிஎஃப்எஸ் என்றால் 16, எக்ஸ்ஃபேட் என்றால் நடுவில் ஒரு கோடு போட்ட 8 எழுத்து. போர்ட்டை மாற்றினாலும், வேறு கம்ப்யூட்டரில் சொருகினாலும் அது மாறாது. மறுபடி ஃபார்மட் செய்தால் மட்டும் புதிதாகிவிடும். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு -எஃப் சேர்த்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் லேபிளும் யூயூஐடியும் வந்துவிடும்.

இரண்டும் ஒரே மாடல் என்பதால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சொருகுங்கள். டிஸ்க்ஸ் செயலியில் அதன் லேபிளை ‘பேக்கப்-ஏ’ என்று மாற்றி, டிஸ்க்கின் மேல் அதே பெயரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அடுத்ததற்கு ‘பேக்கப்-பி’. அலுவலகத்தில் வேறு யார் எடுத்தாலும் குழப்பம் வராது.

சொருகியும் டிஸ்க் பட்டியலிலேயே வரவில்லை என்றால் அது மவுன்ட் சிக்கல் அல்ல. கேபிளையும் மின்சாரத்தையும் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளில் டேட்டா போகாது. கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை விட்டு, மதர்போர்டோடு நேராக இருக்கும் பின்பக்க போர்ட்டில் சொருகிப் பாருங்கள்.

இனி தானாக மவுன்ட் ஆகும் விஷயம். உபுண்டு டெஸ்க்டாப்பில் டிஸ்க்கைச் சொருகியதும் அது திறந்துகொள்கிறதே, அதைச் செய்வது யூடிஸ்க்ஸ் என்ற சேவை. /மீடியா ஃபோல்டருக்குள், உங்கள் பயனர் பெயருக்குக் கீழே, டிஸ்க்கின் லேபிள் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் மவுன்ட் செய்யும். பென் டிரைவுக்கு இதுவே போதும். ஆனால் இரவு பேக்கப்புக்கு இதை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாராவது லாகின் செய்திருந்தால்தான் இது நடக்கும். கரண்ட் போய்வந்து கம்ப்யூட்டர் லாகின் திரையில் நின்றால், டிஸ்க் சொருகியே இருந்தாலும் மவுன்ட் ஆகாது.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. டிஸ்க் மவுன்ட் ஆகாத இரவில், ரூட் என்ற நிர்வாகி உரிமையோடு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் அதே பெயரில் ஒரு சாதாரண ஃபோல்டரைத் தானே உருவாக்கி, எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே கொட்டிவிடலாம். எந்த எச்சரிக்கையும் வராது. உள் டிஸ்க் நிரம்பி உபுண்டு திணறும்போதுதான் தெரியும். மறுநாள் டிஸ்க்கைச் சொருகினால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால் யூடிஸ்க்ஸ் பெயரின் கடைசியில் 1 சேர்த்து வேறு ஃபோல்டரில் மவுன்ட் செய்யும். ஸ்கிரிப்ட் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். பேக்கப் இருக்கிறது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், டிஸ்க்கில் ஒன்றுமே இருக்காது. /மீடியாவுக்குள் இப்படி 1 சேர்ந்த ஃபோல்டர் ஏதாவது தென்படுகிறதா என்று இன்றே பாருங்கள்.

அதனால் பேக்கப் டிஸ்க்குக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். டிஸ்க்ஸ் செயலியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷனுக்குக் கீழே உள்ள பல்சக்கரக் குறியை அழுத்தினால் மவுன்ட் விருப்பங்களைத் திருத்தும் வசதி இருக்கும். இயல்பு அமைப்பை அணைத்துவிட்டு, மவுன்ட் செய்யவேண்டிய இடமாக /எம்என்டி/பேக்கப்-ஏ போல ஒரு பாதையை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். எதை வைத்து அடையாளம் காண்பது என்று கேட்கும் பட்டியலில் யூயூஐடியைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலில் பை-பாத் என்றும் ஒன்று இருக்கும். அது டிஸ்க்கைப் பார்க்காமல் யூஎஸ்பி போர்ட்டைப் பார்ப்பது, உங்களுக்கு வேண்டாம்.

விருப்பங்கள் எழுதும் பெட்டியில், ஆங்கிலச் சிறிய எழுத்தில், நோஃபெயில் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டர் நின்றுபோனது இது இல்லாததால்தான். எஃப்எஸ்டேப்பில் சொன்ன டிஸ்க் வரும் என்று, உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் அவசர நிலைத் திரைக்குப் போய்விடும். நோஃபெயில் இருந்தால் டிஸ்க் இல்லாமலே மேலே போகும். அதோடு கமா போட்டு எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட் என்பதையும், எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10 என்பதையும் சேருங்கள். இனி அந்த ஃபோல்டரை யார் தொட்டாலும், லாகின் இல்லாவிட்டாலும், அந்தக் கணத்தில் டிஸ்க் மவுன்ட் ஆகும். டிஸ்க் இல்லையென்றால் 10 விநாடியில் பிழை வரும். ஸ்கிரிப்ட் உள் டிஸ்க்கில் கொட்ட வழியே இருக்காது.

டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்றால் யூஐடி=1000, ஜிஐடி=1000 என்பவற்றையும் சேர்க்கவேண்டும். இல்லையென்றால் ரூட் மட்டுமே எழுத முடியும். உபுண்டுவை நிறுவும்போது உருவாக்கிய முதல் பயனரின் எண்தான் 1000. விண்டோஸில் திறக்கும் தேவை இல்லையென்றால் நான் இஎக்ஸ்டி4தான் போடச் சொல்வேன். கரண்ட் திடீரென்று போனாலும் தாங்க உதவும் ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேடு அதில் உண்டு, எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. ஆனால் மாற்றுவதென்றால் மறுபடி ஃபார்மட் செய்யவேண்டும். உள்ளே இருப்பதை வேறு இடத்தில் நகல் எடுத்த பிறகே அதில் இறங்குங்கள், அப்புறம் புதிய யூயூஐடியைக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரு டிஸ்க்கை டிடி போன்ற கருவியால் அப்படியே மற்றதற்கு குளோன் செய்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகிவிடும். பிறகு இரண்டையும் ஒன்றாகச் சொருகினால் எது எது என்று உபுண்டுவுக்குத் தெரியாது. இரண்டையும் தனித்தனியாக ஃபார்மட் செய்து, கோப்புகளை மட்டும் நகலெடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் கழற்றிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் லாகின் திரை வரவேண்டும். பிறகு ‘பி’யை முதலிலும் ‘ஏ’வை அடுத்தும் சொருகி, ஒவ்வொன்றின் ஃபோல்டரையும் திறந்து எல்எஸ்பிஎல்கே பட்டியலோடு ஒப்பிடுங்கள். எழுத்து இடம் மாறியிருந்தாலும் ஃபோல்டர் மாறாமல் இருந்தால், அன்று இரவே பேக்கப்பை ஓடவிடலாம்.