திருகோணமலையில் தேனீ வளர்க்கப் பழக ஒருநாள் பயிற்சி போதுமா?

கேட்டவர் வீட்டு வளவில் இரண்டு பெட்டி வைக்கப் போகிறாராம். ஒருநாள் பயிற்சி போதுமா, இல்லை பருவம் முழுக்க யாரிடமாவது போய்க் கைப்பழக்கமாகப் படிக்க வேண்டுமா என்பது கேள்வி.

நானும் ஒருநாள் பயிற்சிக்குப் போனவன்தான். மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினார்கள், மத்தியானம் சோற்றுப் பார்சல், பின்னேரம் சான்றிதழும் தேனீக் கூட்டத்தோடு ஒரு பெட்டியும். பெட்டியை ஒரே ஒரு தடவை திறந்தார்கள். நான் பார்த்தது எனக்கு முன்னால் நின்றவரின் முதுகை. மாசியில் கொண்டுவந்து வைத்த கூட்டம் ஆடியில் ஒருநாள் காலை இல்லை. செத்துக் கிடக்கவில்லை, எழும்பிப் போய்விட்டது. வெறும் வதையில் (தேனடையில்) மெழுகு அந்தின் புழு நூல் பின்னிக்கொண்டிருந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. கச்சான் (கடலை இல்லை, தென்மேற்கிலிருந்து வரும் சூடான வறண்ட காற்றைச் சொல்கிறேன்) அடிக்கத் தொடங்கினால் எங்கள் பக்கம் பூ குறையும், தண்ணீர் வற்றும், பெட்டி கொதிக்கும். நம் ஊர்த் தேனீ இந்தியத் தேனீ இனம். சாப்பாடு இல்லை, சூடு தாங்கவில்லை என்றால் கூட்டை விட்டுவிட்டு வேறு இடம் தேடும். இணையத்தில் நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை ஐரோப்பியத் தேனீ பற்றியவை. அது இவ்வளவு லேசில் ஓடாது, பெட்டியின் அளவும் வேறு. அதைப் பார்த்துப் பெட்டி அடிப்பித்து ஏமாறாதீர்கள்.

அடுத்த வருடம் தம்பலகாமத்தில் ஒரு ஐயாவிடம் இரண்டு கிழமைக்கு ஒருதடவை போனேன். முதல்நாள் பெட்டியைத் தொட விடவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையைப் போட்டு, "என்ன கொண்டு வருது எண்டு பார் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரைமணி நேரம் பார்த்தேன். பின்னங்காலில் மஞ்சள் உருண்டையோடு சில பூச்சிகள் இறங்கின. அது மகரந்தம், தேனீக் குஞ்சுப் புழுக்களுக்குச் சாப்பாடு. அது தொடர்ந்து வந்தால் உள்ளே அநேகமாகக் குஞ்சு வளருகிறது என்று பெட்டியைத் திறக்காமலே சொல்லலாம்.

வதை கட்டியிருக்கும் மரச் சட்டத்தைத் தூக்க விட்டது மூன்றாம் தடவை. பொச்சுமட்டைப் புகையை வாசலில் மெல்லக் காட்ட வேண்டும், முகத்தில் அடிப்பதுபோல ஊதக்கூடாது. சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலே நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். நான் பார்க்கிற ஆவலில் தட்டையாகச் சரித்தேன். வெயிலில் இளகியிருந்த புது வதை பாதியோடு அறுந்து விழுந்தது. ஐயா ஏசவில்லை, வாழைநாரால் சட்டத்தோடு கட்டிக் காட்டினார். இரண்டு நாளில் பூச்சிகளே ஒட்டிவிட்டன. இதையெல்லாம் எந்த மண்டபத்தில் படிப்பது?

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று அறைகளுக்குள் பாருங்கள். அடியில் வெள்ளை நூல் துண்டுபோல முட்டை தெரியும். மூன்று நாளில் அது பொரித்துவிடும். ஆகவே முட்டை கண்டால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள்; அவளைத் தேடிச் சட்டம் சட்டமாகக் கிளற வேண்டாம். இன்னொன்று, ஆண் தேனீ அறைகளின் மூடியில் நடுவே ஊசி குத்தினது போல ஒரு துளை இருக்கும். நான் நோய் என்று பயந்துபோனேன். இந்த இனத்துக்கு அது இயல்பு.

ஆக, என் பதில் பருவம் முழுக்கப் போங்கள் என்பதுதான். வருடம் முழுக்க முடியாவிட்டால் மூன்று நேரத்தைத் தவறவிடாதீர்கள். தையில் மழை விட்டு மாமரம் பூக்கத் தொடங்கும்போது கூட்டம் பிடிக்கவும் பிரிக்கவும் படிக்கலாம். சித்திரை, வைகாசியில் வேம்பு பூத்து முடிகிற நேரம் தேன் எடுக்கலாம்; அறைகளை மெழுகால் மூடிய வதையை மட்டும், அதிலும் அவற்றுக்கு ஒரு பங்கு விட்டு. மூன்றாவது கச்சான் காலம். என் கூட்டம் போனது அப்போதுதான். பெட்டியை நிழலுக்கு மாற்றி, கல் போட்ட தட்டில் தண்ணீர் வைத்து, சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாணியைப் பொழுதுபட்ட பிறகு வைக்க வேண்டும். பகலில் வைத்தால் அடுத்த கூட்டம் கொள்ளையடிக்க வரும். தேன் எடுக்கப்போகிற நேரத்தில் பாணி வைத்துவிடாதீர்கள், பிறகு போத்தலில் இருப்பது சீனிதான். ஐப்பசி மழைக்கு ஒழுக்கும் எறும்பும். பெட்டி வைத்த தாங்கியின் கால்களைத் தண்ணீர் விட்ட பேணிகளில் நிறுத்தினால் எறும்புக்குக் காணும்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுத்துவிடுங்கள். தாமதித்தால் நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வாசத்துக்கு மற்றவையும் வரும், கொஞ்சம் தள்ளிப் போங்கள். மூச்சு முட்டினாலோ, நாக்கு, தொண்டை வீங்கினாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

யாரிடம் போவது? உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் பெட்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் இருக்கிறது. போய்ப் படிக்கலாம், ஆனால் அது மலைநாடு. அவர்கள் சொல்லும் மாதக் கணக்கை அப்படியே இங்கே வைக்காதீர்கள்.

பெட்டிக்கு இப்போதே காசு கொடுக்க வேண்டாம். ஒரு பழைய மண்முட்டியின் உட்புறத்தில் தேன்மெழுகைத் தடவி, வாயில் சிறு துளை மட்டும் விட்டு மூடி, நிழலான கிளையில் மார்கழியிலேயே கட்டிவிடுங்கள். எனது இரண்டாம் கூட்டம் அப்படி வந்ததுதான்.