இசைக்குழுவின் நடுவே ஒரு நாற்காலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திரைப்படம் பார்ப்பதற்காக ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட அமைப்பை வீட்டில் வைத்திருக்கிறேன். மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் ஜாஸையும் சரவுண்ட் ஒலியில், அதாவது நாற்புறமும் சூழ்ந்து வரும் ஒலியில், கேட்க ஆசை. எந்த லேபிள்களை, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனங்களை, தேடுவது என்று தெரியாமல் தவிக்கிறேன். வழி காட்டுங்கள்.

பதில்: நார்வே நாட்டின் 2எல் லேபிளிலிருந்து தொடங்குங்கள். அதை நடத்தும் மோர்ட்டன் லிண்ட்பெர்க் ஒலிப்பதிவுக் கூடங்களை நாடாமல் பெரும்பாலும் தேவாலயங்களில் பதிவுசெய்கிறார். நடுவில் ஒலிவாங்கிகளைக் கீழும் மேலுமாக இரண்டு அடுக்குகளில் நிறுத்தி, அவற்றைச் சுற்றி இசைக்கலைஞர்களை வட்டமாக அமர்த்துகிறார். ஒவ்வொரு ஒலிவாங்கியும் வீட்டிலுள்ள ஒரு ஸ்பீக்கருக்கு நேரானது என்பதால், பதிவான பிறகு ஒலியை இங்குமங்கும் தள்ளி வைக்கும் வேலை மிகக் குறைவு. ஒரு வயலின் சற்றுத் தூரத்தில் ஒலிக்க வேண்டுமானால், பொத்தானைத் திருகாமல் கலைஞரின் நாற்காலியை நகர்த்துவதுதான் அவருடைய முறை. செல்பூ தேவாலயத்தில் டிரோண்ட்ஹெய்ம் சோலிஸ்ட்ஸ் குழுவை வைத்து அவர் பதிவுசெய்து 2008-இல் வெளியிட்ட ‘டைவர்ட்டிமென்ட்டி’ என்னும் தொகுப்பு, படமே இல்லாமல் இசைக்காக மட்டும் வந்த முதல் புளூ-ரே தட்டு என்று அறியப்படுகிறது. விருதுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் வெல்லாமலே இருந்த அவருக்கு, ‘லக்ஸ்’ என்னும் தொகுப்பு 2020-இல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது.

அமெரிக்காவின் சோனோ லூமினஸ் லேபிளும் இதே வழியில் செல்வது. ஐஸ்லாந்து சிம்ஃபனி இசைக்குழுவை ரெய்க்யாவிக் நகரின் ஹார்ப்பா அரங்கில் வட்டமாக அமர்த்தி அவர்கள் பதிவுசெய்த தற்கால இசைத் தொகுப்புகளில், காற்றே அசைவதுபோன்ற மெல்லிய ஒலிகள் எல்லாத் திசைகளிலிருந்தும் எழுந்து அடங்குகின்றன. அந்த இசை அப்படிக் கேட்பதற்கென்றே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இசைக்குழு முன்னால் மேடையிலும் நீங்கள் அரங்கின் நல்லதோர் இருக்கையிலும் இருப்பதுபோல் கேட்க வேண்டுமென்றால் வேறு லேபிள்களை நாட வேண்டும். நெதர்லாந்தில் ஜாரெட் சாக்ஸ் என்னும் கொம்பிசைக் கலைஞர் 1990-இல் தொடங்கிய சேனல் கிளாசிக்ஸ், இவான் ஃபிஷரும் புடாபெஸ்ட் விழா இசைக்குழுவும் வாசித்த மாலர் சிம்ஃபனிகளுக்காகவே வாங்கத் தக்கது. சுவீடனின் பிஸ் லேபிளை ராபர்ட் வான் பார் 1973-இல் நிறுவினார். 2023-இல் அது ஆப்பிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. இசைக்குழு நடத்துநர் மசாக்கி சுசுகி 1995 முதல் 2013 வரை 55 தொகுதிகளாக நிறைவு செய்த பாக்கின் தேவாலயக் கன்டாட்டாக்கள் (பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து இசைக்கும் படைப்புகள்) அந்த லேபிளின் பெருமை. ஆனால் தொடக்கத் தொகுதிகள் ஸ்டீரியோவில் மட்டுமே உள்ளன என்பதால் பிற்காலத் தொகுதிகளாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவின் ரெஃபரன்ஸ் ரெக்கார்டிங்ஸ், மான்ஃப்ரெட் ஹோனெக் நடத்தும் பிட்ஸ்பர்க் சிம்ஃபனியை ரசிகர்கள் முன்னிலையிலேயே பதிவுசெய்து வருகிறது. அவர்களுடைய ஷோஸ்டகோவிச் ஐந்தாம் சிம்ஃபனி, வாசிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் சேர்த்து 2018-இல் கிராமி பெற்றது. இங்கிலாந்தின் சாண்டோஸ், எல்.எஸ்.ஓ. லைவ் ஆகியவற்றின் சரவுண்ட் தட்டுகளும் ஏராளம். அவற்றை இரண்டாம் சுற்றில் தேடிக்கொள்ளலாம்.

கேள்வி: நீங்கள் முன்பு பரிந்துரைத்த சிம்ஃபனித் தட்டு ஒன்றை வாங்கினேன். பின்பக்க ஸ்பீக்கர்களில் காதை வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. தட்டில் குறையா, என் கருவியில் குறையா?

பதில்: இரண்டிலும் குறை இல்லாதிருக்க வாய்ப்பு அதிகம். அரங்கில் நாம் கேட்கும் ஒலியில் ஒரு பகுதி மட்டுமே வாத்தியத்திலிருந்து நேராக வருகிறது. மற்றது சுவர்களிலும் கூரையிலும் பட்டுச் சற்றுத் தாமதித்து, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வந்து சேர்கிறது. பக்கச் சுவர்களில் பட்டு வரும் இந்த எதிரொலிதான் ஓர் அரங்கை விசாலமாக உணரவைக்கிறது என்பது அரங்க ஒலியியலார் பல ஆண்டுகளாக ஆராய்ந்து நிறுவிய செய்தி. ஸ்டீரியோவில் வாத்தியமும் எதிரொலியும் முன்னாலுள்ள அதே இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தே வருவதால், எதிரொலி கூடினால் இசை மங்குகிறது, குறைந்தால் வறண்டு போகிறது. சரவுண்டில் எதிரொலிக்குத் தனி இடம் கிடைத்துவிடுவதால், பொறியாளர் அதைத் தாராளமாக அனுமதித்தாலும் வாத்தியங்களின் தெளிவு கெடுவதில்லை.

ஆகவே பின் ஸ்பீக்கர்கள் ஒலிப்பதே தெரியக் கூடாது என்பதுதான் இவ்வகைப் பதிவுகளின் நோக்கம். ஒரு சோதனை செய்து பாருங்கள். இசை உச்சத்தில் இருக்கும்போது பின் ஸ்பீக்கர்களை மட்டும் நிறுத்துங்கள். அறை திடீரென்று சுருங்கி, இசைக்குழு முன்சுவரில் ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றினால் எல்லாம் சரியாக இருக்கிறது. எந்த மாற்றமும் தெரியாவிட்டால், தட்டுச் சுழல்கருவி ஸ்டீரியோ தடத்தையே வாசித்துக்கொண்டிருக்கலாம். எஸ்.ஏ.சி.டி. (சூப்பர் ஆடியோ சி.டி.) தட்டில் ஸ்டீரியோ, பலதடம் (சரவுண்ட்) என இரண்டும் தனித்தனியே இருக்கும்; பல கருவிகளில் அமைப்புப் பட்டியலுக்குள் (மெனு) சென்று பலதடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆப்டிகல் கம்பி வழியாக இந்தத் தடங்கள் வராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எச்.டி.எம்.ஐ. கம்பியோ ஆறு அனலாக் கம்பிகளோ தேவை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்க இடமும் வலமும் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததை அறியாமல், ஒரு பதிவின் ‘துணிச்சலான இட அமைப்பை’ இரண்டு மாதம் நண்பர்களிடம் புகழ்ந்துகொண்டிருந்தேன். கம்பிகளை முதலில் சரிபாருங்கள்.

கேள்வி: கலைஞர்கள் என்னைச் சுற்றி அமர்ந்து வாசிப்பது செயற்கை இல்லையா? எந்தக் கச்சேரியில் ரசிகர் மேடை நடுவே உட்காருகிறார்?

பதில்: ரசிகர் உட்காருவதில்லை, உண்மைதான். ஆனால் நடத்துநர் அங்கேதான் நிற்கிறார். நால்வர் குழுவில் வாசிக்கும் ஒவ்வொருவரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அதோடு, இசை எப்போதும் முன்னாலிருந்து மட்டுமே வந்தது என்று சொல்வதற்கில்லை. வெனிஸ் நகரின் புனித மார்க் தேவாலயத்தில் இசையமைப்பாளர் கபிரியேலியின் காலத்தில் பாடகர் குழுக்களும் ஊதுகருவிக் குழுக்களும் எதிரெதிர் மாடங்களில் பிரிந்து நின்று ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் இசைத்தன. 1837-இல் முதன்முதலாக வாசிக்கப்பட்ட பெர்லியோஸின் இறந்தோர் வழிபாட்டிசையில் நான்கு பித்தளைக் கருவிக் குழுக்கள் நான்கு மூலைகளில் இடம்பெற வேண்டும் என்பது இசையமைப்பாளரின் குறிப்பு. இத்தகைய படைப்புகளை ஸ்டீரியோவுக்குள் அடைப்பதுதான் செயற்கை என்பது என் கருத்து.

இருந்தாலும் எல்லை உண்டு. ஜெர்மனியின் டாசெட் லேபிள், தந்திக் கருவிகள் வாசிக்கும் நால்வரையும் கேட்பவரின் நான்கு பக்கங்களிலும் அமர்த்திவிடும். தனித்தனி மெட்டுகள் ஒன்றோடொன்று பின்னிச்செல்லும் இடங்களில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பின்தொடர முடிவது பேரின்பம். ஆனால் நால்வரும் ஒரே மூச்சாக இணைய வேண்டிய மெதுவான பகுதிகளில் எனக்கு அந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. ஒரு தட்டை வாங்கிக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஜாஸ் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது?

பதில்: ஜாஸ் பதிவு வளர்ந்த விதமே காரணம். டிரம்ஸுக்கு நான்கைந்து, பியானோவுக்குள் இரண்டு, பாஸுக்கு ஒன்று என ஒலிவாங்கிகளை மிக நெருக்கமாக வைத்து, கலைஞர்களிடையே தடுப்புகளும் வைத்துப் பதிவுசெய்யும்போது அறையின் ஒலி பதிவில் சேர்வதே இல்லை. பிறகு அதைச் சரவுண்டாக மாற்ற முனைபவருக்குப் பின் ஸ்பீக்கர்களில் போடுவதற்குச் செயற்கை எதிரொலியைத் தவிர ஒன்றும் கையில் இருக்காது. அப்போதுதான் சாக்ஸபோனைப் பின்னால் பறக்கவிடும் ஆசை வருகிறது.

இதற்கு மாறாகச் சிந்தித்தவர்கள் சிலரே. 2எல் வெளியிட்ட ஹாஃப் குழுவினரின் ‘குவைட் வின்டர் நைட்’ தேவாலயம் ஒன்றில், முன்பு சொன்ன வட்ட அமைப்பிலேயே பதிவானது. ஜாஸில் உங்கள் முதல் தட்டாக அதையே சொல்வேன். ஜிம் ஆண்டர்சன் என்னும் பொறியாளரின் பெயரைக் கண்டால் தயங்காமல் வாங்கலாம். ஜாஸ் பாடகி பெட்ரீஷியா பார்பரின் பதிவுகளைச் சரவுண்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். சாக்ஸபோன் கலைஞர் ஜேன் ஐரா புளூம் மூவர் குழுவாக வாசித்த ‘எர்லி அமெரிக்கன்ஸ்’ 2018-இல் சரவுண்டுக்கான கிராமியைப் பெற்றதிலும் அவருக்குப் பங்குண்டு. மார்க் வால்ட்ரெப் நடத்திய ஏ.ஐ.எக்ஸ். லேபிளின் தட்டுகளில், ரசிகர் இருக்கையிலிருந்து கேட்பது, மேடை நடுவிலிருந்து கேட்பது என ஒரே வாசிப்புக்கு இரண்டு ஒலிக்கலவைகள் இருக்கும். முந்தைய கேள்விக்கு உங்கள் காதே விடை தேடிக்கொள்ள அதைவிட நல்ல கருவி இல்லை. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் டெலார்க் வெளியிட்ட பலதட ஜாஸ் தட்டுகளும் தேடத் தக்கவை. அந்த லேபிளின் சொந்த ஒலிப்பதிவுப் பிரிவு 2009-இல் மூடப்பட்டுவிட்டதால் பழைய தட்டுச் சந்தையில்தான் அவை அகப்படும்.

கேள்வி: 1970-களில் நான்கு தடங்களில் பதிவான பழைய இசை இப்போது தட்டுகளாக வருகிறதாமே? வாங்கலாமா?

பதில்: தாராளமாக. பிலிப்ஸ் கிளாசிக்ஸ் நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள் 2001-இல் நெதர்லாந்தில் தொடங்கிய பென்டாடோன் லேபிள் இதைச் செய்தது. பிலிப்ஸ் அந்தக் காலத்தில் நான்கு தடங்களில் பதிவுசெய்து வைத்தும், அவற்றை நல்ல முறையில் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வழி இல்லாததால் ஸ்டீரியோவாகவே வெளியிட்டது. ஒலிநாடாவில் உறங்கிய அந்த நான்கு தடங்களைப் பாலிஹிம்னியா நிறுவனத்தின் பொறியாளர்கள் கூடுதலாக எதையும் சேர்க்காமல் எஸ்.ஏ.சி.டி.க்கு மாற்றினார்கள். பின்னர் டாய்ச்சே கிராமஃபோன் நாடாக்களும் இவ்வாறு வந்தன. அவற்றுள் ரஃபேல் குபெலிக் ஒன்பது சிம்ஃபனிகளுக்கு ஒன்பது இசைக்குழுக்களைத் தேர்ந்து நடத்திய பீத்தோவன் வரிசையிலிருந்து வந்த தட்டுகளை நான் மறுபடி மறுபடி கேட்கிறேன். நடு ஸ்பீக்கரிலிருந்து ஓசையே வராது. நான்கே தடங்கள் என்பதால் அது இயல்பு.

கேள்வி: இணையத்தில் மாதக் கட்டணத்துக்கு அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் சரவுண்ட் முறை) இசை கிடைக்கும்போது தட்டுகளுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

பதில்: புதிய லேபிள்களை அறிமுகம் செய்துகொள்ள இணைய ஓடை (ஸ்ட்ரீமிங்) போல் வசதியானது வேறில்லை, 2021-க்குப் பிறகு அங்கே செவ்வியல் இசை நிறையவே சேர்ந்திருக்கிறது. ஆனால் ஓடையில் வரும் அட்மாஸ் தகவல் இழப்போடு சுருக்கப்பட்டது. அதே பதிவு புளூ-ரே தட்டில் இழப்பின்றி இருக்கும். வேறுபாடு முதலில் தெரிவது வாத்தியங்களில் அன்று, ஒரு சுரம் அடங்கிய பின் அரங்கில் கரையும் ஒலியில்தான். சரவுண்டில் நாம் தேடுவதே அதைத்தானே.

இன்னொரு சிக்கல், பழைய ஸ்டீரியோ பதிவுகளைப் பரப்பி ‘அட்மாஸ்’ என்ற முத்திரையோடு வெளியிடுவது. இதைக் கண்டுகொள்ள, தட்டோடு வரும் சிற்றேட்டைப் பாருங்கள். பதிவு நடந்த இடம், நாள், பொறியாளர், ஒலிவாங்கிகளின் அமைப்பு ஆகியவற்றைச் சொல்லாத ஒரு சரவுண்ட் வெளியீட்டை நான் சந்தேகத்தோடுதான் தொடுவேன். 2எல் சிற்றேடுகளில் கலைஞர்கள் வட்டமாக அமர்ந்திருக்கும் படமே இருக்கும். நான் புதிய லேபிள்களைக் கண்டடைந்த வழியும் பெரும்பாலும் இதுதான்: பிடித்த பதிவின் பொறியாளர் பெயரையும் அரங்கின் பெயரையும் குறித்துக்கொண்டு, அதே பெயர்கள் வேறு எந்தத் தட்டுகளில் உள்ளன என்று தேடுவேன். ஜாரெட் சாக்ஸ் தொடங்கிய நேட்டிவ் டி.எஸ்.டி. தளத்தில் பல லேபிள்களின் பலதடக் கோப்புகள் கிடைக்கின்றன. காசு கொடுக்குமுன் உங்கள் கருவி எதையெல்லாம் வாசிக்கும் என்று அறிய, 2எல் தன் தளத்தில் இலவசமாக வைத்துள்ள சோதனைக் கோப்புகளைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கூரைக்கு அருகில் வைக்கும் ஸ்பீக்கர்கள் கட்டாயமா?

பதில்: இல்லை. தேவாலயப் பதிவுகளில் அவை கூட்டும் உயரம் மறக்க முடியாததுதான். ஆனால் கீழே உள்ள ஐந்தும் சரியாக அமையாமல் மேலே எத்தனை வைத்தும் பயனில்லை. முன்பக்க இட, வல ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், பின்னவை 100 முதல் 120 பாகைக்குள்ளும், எல்லாம் உங்கள் காதிலிருந்து ஒரே தொலைவிலும் இருக்கட்டும். திரைப்படத்துக்காகப் பின் ஸ்பீக்கர்களைச் சுவரில் உயரமாக மாட்டியிருந்தால் காது மட்டத்துக்கு இறக்குங்கள். ஐந்தும் ஒரே வகையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஓர் எச்சரிக்கை மட்டும். ஜெர்மனியின் எம்.டி.ஜி. லேபிள் ‘2+2+2’ என்னும் தன் முறையில், நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் உரிய இரண்டு தடங்களை முன்பக்கத்தில் உயரமாக வைக்கும் ஒரு ஜோடிக்கு ஒதுக்கியிருக்கிறது. அவர்களுடைய தட்டை வாங்கினால், சுழலவிடுவதற்கு முன் சிற்றேட்டில் உள்ள இணைப்புப் படத்தைப் பார்த்துவிடுங்கள்.