ரின்மீனில் ‘ஒமேகா-3’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கலாமா?

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், சந்தை மீனை விட லேபல் ஒட்டிய ரின்மீன் பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து யாரோ, மீனில் பாதரசம் என்று ஒரு படம் அனுப்பியிருப்பார்கள். எனக்கு அனுப்பியது ரொறொன்ரோவில் இருக்கிற அக்கா.

2022. மகள் பிறந்து பத்தாம் நாள். மண்ணெண்ணெய் இல்லாமல் திருகோணமலைத் திருக்கடலூரில் படகுகள் கரையில் கிடந்த காலம். மாமி மூதூரிலிருந்து ஒரு ரெஜிபோம் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே இரண்டு பால்சுறா. அந்த நாட்களில் எங்கே, யாரிடம் சொல்லிவைத்து வாங்கினாரோ தெரியாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். மாமி சுறாவை அவித்து, சுணைத் தோலை உரித்து, சதையை உதிர்த்து, தண்ணீர் போகப் பிழிந்து, தேங்காய்ப்பூ, மஞ்சள், நிறைய உள்ளி, மிளகு போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். வாசம் வாசல் வரை வந்தது.

நான் போனை நீட்டினேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட அறிவுரைப் படம்: கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்கள். காரணம் பாதரசம். முதல் வரிசையிலேயே சுறா.

“மாமி, இதை அவளுக்குக் குடுக்க வேண்டாம்.”

மாமி சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி தம்பி” என்றார். அவ்வளவுதான். அன்று இரவு அந்த வறையை அவர் மட்டும் சாப்பிட்டார். மனைவி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்புறம்தான் என் கூத்து. அறக்குளாவை இணையத்தில் தேடினால் ‘கிங் மக்கரல்’ என்று வந்தது. அதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. மீன் என்றாலே பயம் வந்துவிட்டது. மோட்டார்சைக்கிளில் வரும் மீன்கார அண்ணன் கோன் அடித்தால் கேற்றைத் திறக்கமாட்டேன். கடைக்குப் போய், மீனில் இருக்கிற நல்ல கொழுப்பான ‘ஒமேகா-3’ என்று பெரிதாகவும் பக்கத்தில் சிவப்பு இதயமும் போட்ட ரின்மீனாகப் பார்த்து வாங்கினேன். விலை ஏறிக்கொண்டே போன நேரம். 425 கிராம் என்று போட்ட ரின்னைத் திறந்து வடித்தால் மீன் கொஞ்சம்தான், மிச்சம் உப்புத் தண்ணீர். சோடாப் போத்தலில் சீனி கூட என்று சிவப்பு வட்டம் இருந்தும் 2016-இலிருந்து கண்டுகொள்ளாமல் குடித்துவந்த ஆள், ஒரு இதயப் படத்துக்கு மயங்கினேன்.

மூன்று வாரம் கழித்து அக்காவிடம், “படம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதே” என்று கேட்டபோது முழுப் படமும் வந்தது. மூன்று பெட்டிகள். எனக்கு வந்தது கடைசிப் பெட்டி மட்டும். முதல் பெட்டியில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிடுங்கள் என்ற பட்டியலில், சாளை, நெத்தலி, இறால், நண்டு, கணவாய். நான் கேற்றைத் திறக்காமல் விட்ட மீன்கார அண்ணனின் மீன்பெட்டியில் இருந்த அதே சாமான்கள். தவிர்க்கச் சொன்ன ‘கிங் மக்கரல்’ அத்திலாந்திக் பக்கத்து மீன். நம் அறக்குளா அதன் ஒன்றுவிட்ட தம்பி. ஆனாலும் அதுவும் மற்ற மீனைத் தின்று வளர்கிற பெரிய மீன்தான்.

வைத்தியர்கள் கொமெண்டில் சண்டைக்கு வரவேண்டாம். சுறா சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன, வயது ஏற ஏறப் பாதரசம் அதன் சதையில் சேரும், அவித்துப் பிழிந்தாலும் போகாது என்பது உண்மைதான். சின்னப் பால்சுறாவில் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தப் படம் சுறாவில் சின்னது பெரிது பிரிக்கவில்லை, நானும் பிரிக்க மாட்டேன். என் பிழை சுறாவை நிறுத்தியதல்ல, சாளையையும் சேர்த்து நிறுத்தியது. 2001-இல் அமெரிக்காவில் இந்த எச்சரிக்கை முதலில் வந்தபோது மசாசூசெட்ஸ் கர்ப்பிணிகளும் மொத்தமாகவே மீனைக் குறைத்துக்கொண்டார்கள் என்று ஆய்வு இருக்கிறது. படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இங்கே இலங்கையிலும் 2020-இல் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவிய பிறகு மீன் விற்காமல் போய், முன்னாள் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டி வந்ததே.

ரின்மீனில் ஒமேகா-3 இருக்கிறது, அது பொய்யில்லை. சாளையிலும் இருக்கிறது, சாளைக்கு ஒட்ட லேபல் இல்லை, அவ்வளவுதான். ரின் வாங்கினால் முன்பக்கத்தை விட்டுவிட்டு வடித்த நிறையையும் உப்பையும் பாருங்கள். தமிழில் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் வாங்கிய ஒன்றில் எறும்பு அளவு எழுத்தில் ‘உபபு’ என்று இருந்தது, குத்தும் இல்லை, கவலையும் இல்லை. பஸ் பலகையிலிருந்து மருந்துச் சீட்டு வரை இதே கதை. ஒரு தமிழ் ஆளிடம் ஐந்து நிமிடம் காட்டிவிட்டு அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? அதோடு ஊரில் இன்னும் அந்த ரின்னுக்குப் பெயர் ‘செமன்’, அதாவது சால்மன். உள்ளே இருப்பது வேறு மீன்.

மாமி இப்போதும் மாதம் ஒருமுறை மீனோடு வருவார். பையை என்னிடம் தரமாட்டார். வாசலில் நின்று பையின் வாயை விரித்துக் காட்டிக் கேட்பார்: “தம்பி, இது உங்கட எத்தனையாம் பெட்டி?”