கேள்வி பதில்: பழைய சூப்பர் டெலிஃபோட்டோ லென்ஸ்கள் ஏன் விலைபோவதில்லை?

கேள்வி: தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் சூப்பர் டெலிஃபோட்டோ வகையான, கேனன் 600 மி.மீ. எஃப்/4 இரண்டாம் தலைமுறை லென்ஸை நான்கு மாதங்களாக விற்க முயல்கிறேன். இருமுறை விலையைக் குறைத்துவிட்டேன். லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. என்ன காரணம்?

பதில்: குறை உங்கள் லென்ஸில் இல்லை. எஃப் எண் கூடக் கூட, லென்ஸ் வழியே வரும் ஒளி குறையும். உள்ளே பிரதிபலிக்கும் ஆடி கொண்ட பழைய வகை எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஆட்டோஃபோகஸுக்கென்று இருந்த தனி சென்சார், பெரும்பாலான மாடல்களில் எஃப்/5.6 வரையிலும், உயர்தர மாடல்களில் எஃப்/8 வரையிலும்தான் ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே தொலைவில் இருக்கும் பறவையை டெலிகன்வெர்ட்டர் (உருவைப் பெரிதாக்கி, எஃப் எண்ணையும் கூட்டிவிடும் துணை லென்ஸ்) பூட்டிப் படமெடுக்க விரும்பியவர்கள், அந்த வரம்புக்குள் நிற்கும் எஃப்/4 லென்ஸைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் படம் பதியும் சென்சாரைக் கொண்டே ஃபோகஸ் செய்வதால் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. எஃப்/11 அப்பெர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பு) மட்டுமே கொண்ட 600, 800 மி.மீ. லென்ஸ்களை 2020-இல் கேனன் ஆயிரம் டாலருக்கும் குறைவாக வெளியிட முடிந்தது இதனால்தான். சோனியின் 200-600 ஜூம் 2019-இல் சுமார் 2,000 டாலருக்கும், நிக்கானின் 180-600 ஜூம் 2023-இல் சுமார் 1,700 டாலருக்கும் வந்தன. எடையையும் பாருங்கள்: உங்கள் லென்ஸ் 3.9 கிலோ, சோனியின் ஜூம் 2.1 கிலோ. தோளில் சுமந்து நடந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் புதிய லென்ஸ்களின் விலை ஏன் இறங்கவில்லை?

பதில்: குவியத்தூரமான 600 மி.மீ.-ஐ எஃப் எண்ணான 4-ஆல் வகுத்தால் 150. அதாவது, முன்பக்கக் கண்ணாடி குறைந்தது 150 மி.மீ. விட்டம் உடையதாக இருக்க வேண்டும். இத்தகைய பல லென்ஸ்களின் உள்ளே, பொறுமையாக வளர்த்தெடுக்கும் ஃப்ளோரைட் படிகமும் இருக்கும். விற்பனை குறைவு என்பதற்காக இந்தச் செலவு குறைந்துவிடாது. கேனனின் மூன்றாம் தலைமுறை 600 எஃப்/4, 2018-இல் சுமார் 13,000 டாலர். டெலிகன்வெர்ட்டர் உள்ளடங்கிய நிக்கானின் இசட் 600 எஃப்/4, 2022-இல் சுமார் 15,500 டாலர். தொழில்முறையாளர்கள் இவற்றுக்குப் போகிறார்கள், ஆர்வலர்கள் ஜூமுக்குப் போகிறார்கள். இடையில் அகப்பட்டுக்கொண்டது பழைய லென்ஸ்.

கேள்வி: எஃப்/4-க்கு இனி மதிப்பே இல்லையா?

பதில்: நிச்சயமாக உண்டு. அந்த ஜூம்களின் எஃப்/6.3-ஐ விட இரண்டரை மடங்கு ஒளி கிடைக்கிறது. விடியற்காலைக் காட்டில் ஜூம் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 6400 கேட்கும் இடத்தில் இது 2500-இல் முடித்துவிடும். ஐ.எஸ்.ஓ. கூடும்போது படத்தில் தெரியும் புள்ளிகளான இரைச்சலை இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே நீக்கிவிடுகின்றன என்றாலும், பின்னணிக் கிளைகள் கரைந்துபோகும் அந்த இயல்பை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. வாங்குபவர்களுக்கு இது நல்ல காலம் என்றே சொல்வேன்.

கேள்வி: பழையதை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விளக்கை உள்ளே செலுத்திப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமானது ஃபோகஸ் மோட்டார். கேனனின் 500 மி.மீ. எஃப்/4.5 போன்ற சில பழைய லென்ஸ்களில் கையால் ஃபோகஸ் செய்வதற்கும் மோட்டார்தான் இயங்க வேண்டும். அது பழுதாகி, உதிரி பாகமும் கிடைக்காவிட்டால், லென்ஸை அலமாரியில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: முதல் கேள்வியைக் கேட்டவன் நான். விலை ஏறும் என்று காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறுவனம் பழுதுபார்ப்பை நிறுத்தும் நாள் நெருங்க நெருங்க விலை மேலும் இறங்கும். ஹூட் (லென்ஸின் முன்பக்க ஒளிமறைப்பு), பெட்டி, ஸ்டாண்டில் பூட்டும் கால் ஆகிய அனைத்தையும் சேர்த்தே விற்றுவிடுங்கள். இவற்றைத் தனியாக வாங்கும் செலவை நினைத்தே பலர் பின்வாங்குகிறார்கள்.