ஓசிடி நம்பர் 176ல இருந்து 63க்கு இறங்கிடுச்சு, கண்ணு இன்னும் மோசமாகுதா?

குடியாத்தத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு: அப்பாவுக்கு 58 வயசு, சுகர் பிபி ரெண்டும் உண்டு. மூணு மாசம் முன்னாடி காலைல எழுந்தப்போ வலது கண்ணுல கீழ்பாதி மட்டும் மறைஞ்சு போச்சு, வலி கிடையாது. கண் நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சதால வந்ததுன்னு சொல்லிட்டாங்க. ஓசிடி, அதான் கண் நரம்பு இழையோட தடிமன அளக்கற ஸ்கேன், மூணு தடவ எடுத்ததுல ஆவரேஜ் 176, அப்புறம் 98, இப்ப 63 மைக்ரான். பார்வை அப்படியேதான் இருக்கு, ஆனா நம்பர் இறங்கிக்கினே போகுதே, நரம்பு அழிஞ்சுக்கினே இருக்கா? சொந்தக்காரங்க எம்ஆர்ஐ எடுன்றாங்க, எடுக்கணுமா?

இல்லீங்க, இந்த இறக்கம் எதிர்பார்த்ததுதான். ரத்தம் கிடைக்காம அடி வாங்கின நரம்பு மொதல்ல வீங்கும், அந்த வீக்கத்தையும் சேத்துதான் மெஷின் 176னு காட்டிச்சு, வீங்கின காலுக்கு செருப்பு அளவெடுத்தா எப்படியோ அப்படி. நார்மல் கண்ணுக்கே 100 மைக்ரான் கிட்டத்தான் இருக்கும். ரெண்டாவது ரிப்போர்ட்ல 98 வந்ததும் வீட்ல எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பீங்க, ஆனா மூணுல ஏமாத்துற நம்பர் அதுதான், வீக்கம் பாதி வடிஞ்சு உள்ள நரம்பு இழை பாதி மெலிஞ்சு ரெண்டும் சேந்து கணக்கு நார்மல் மாதிரி நிக்குது. 63தான் உண்மையான அளவு. இந்த இழைங்க எல்லாம் அடிபட்டது அந்த மொத நாட்கள்லயே, மெலிஞ்சு போறது படத்துல தெரியத்தான் ரெண்டு மூணு மாசம் ஆகுது. இதுக்கப்புறமும் கொஞ்சம் இறங்கி நின்னுடும். எவ்ளோ மோசமான கண்ணுலயும் ஜீரோவுக்கு போகாது, ஏன்னா ரத்தக் குழாயும் தாங்கு திசுவும் அங்கயேதான் இருக்கும்.

அதே ரிப்போர்ட் கட்டுல ஜிசிஎல் இல்லன்னா கேங்லியன் செல்னு, அதான் விழித்திரைல இருக்கற நரம்பு செல் அடுக்கு, ஒரு பக்கம் இருக்கும், அத டாக்டர்கிட்ட கேளுங்க. வீக்கம் அந்த எடத்த அவ்ளோவா குழப்பாது, அதனால சேதம் அங்க சில வாரத்துலயே தெரிஞ்சிடும். இன்னொன்னு, கீழ்பாதிதான் மறைஞ்சிது, ரிப்போர்ட்ல மேல்பக்கம் சிவப்பா, அதாவது மெலிஞ்சதா, இருக்குன்னா தப்பு ரிப்போர்ட்னு நினைக்காதீங்க, கீழ இருக்கறத பாக்கறது நரம்போட மேல்பக்க இழைங்கதான்.

உண்மையில இந்த வியாதிய ஃபாலோ பண்றது ஃபீல்டு டெஸ்ட்டுலதான், அதான் இருட்டு ரூம்ல லைட் மினுக்கினா பட்டன் அழுத்தறது. அப்பாவுக்கு அது அலுப்பா இருக்கும், பரவால்ல, ஓசிடி ஒண்ணு குறைச்சாலும் இத விடாதீங்க. ஓசிடி எடுத்தா எப்பவும் அதே மெஷின்ல எடுங்க, சிரஸ்ல வந்த நம்பரையும் ஸ்பெக்ட்ராலிஸ்ல வந்த நம்பரையும் பக்கத்துல வச்சு பாக்கறது வீண் வேலை. சிரஸ்ல சிக்னல் 10க்கு 6க்கு கீழ இருந்தா அந்தப் படத்த நம்பாதீங்க, கண்ணு காஞ்சிருந்தாலோ புரை இருந்தாலோ அப்படி வரும்.

எம்ஆர்ஐ விஷயம். இந்த வியாதியில அடைபடறது நரம்போட தலைக்கு ரத்தம் குடுக்கற பொடிக்குழாய்ங்க, எம்ஆர்ஐல அது பெரும்பாலும் தெரியாது, கழுத்து ரத்தக்குழாய பாக்கற டாப்ளர் ஸ்கேன்லயும் காரணம் பெரும்பாலும் சிக்காது. காசு இருக்குன்னு எடுக்கறது வேற. ஆனா ரெண்டு மாசம் தாண்டியும் பார்வையோ ஃபீல்டோ குறைஞ்சிக்கினே போனா, கண்ண அசைச்சா வலிச்சா, இல்ல மொதல்ல வீக்கமே இல்லாம இருந்திருந்தா அப்ப கண்டிப்பா எடுக்கணும், கட்டி நரம்ப அமுக்குதான்னு பாக்க. மருந்து ஏத்தி எடுக்கறதா இருந்தா சுகர்காரருக்கு கிரியேட்டினின், அதான் கிட்னி டெஸ்ட், முன்னாடியே பாத்துடுங்க. கையில ஊசி போட்டு டை ஏத்தி எடுக்கற கண் ஆஞ்சியோ ஆரம்ப நாள்ல உதவும், இப்ப வீக்கம் வடிஞ்ச அப்புறம் பெரிசா பலன் இல்ல.

இதுல ஒண்ணு மட்டும் காத்திருக்கக் கூடாது. 50 தாண்டினவங்களுக்கு புது தலைவலி, தலை வாரும்போது மண்டை வலி, சோறு மெல்லும்போது தாடை வலி இருந்தா அது ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம், நம்ம ஊர்ல அபூர்வம், ஆனா அன்னிக்கே ஈஎஸ்ஆர், சிஆர்பின்ற ரத்த டெஸ்ட் பாத்து ஸ்டீராய்டு ஆரம்பிக்கலன்னா அடுத்த கண்ணும் சில நாள்ல போயிடலாம். அப்பாவுக்கு இதெல்லாம் இருந்துச்சான்னு ஒரு தடவ கேட்டுடுங்க.

போன பார்வைய திருப்பித் தர்ற நிரூபணமான மருந்து இன்னிக்கு வரைக்கும் இல்ல, நரம்புக்கு ஊசின்னு யாராவது பணம் கேட்டா நகந்துடுங்க. சில பேருக்கு தானாவே கொஞ்சம் தெளியும். இப்ப கவனிக்க வேண்டியது இடது கண்ணு, 5 வருஷத்துல கிட்டத்தட்ட 100ல 15 பேருக்கு அதுலயும் வரும். அந்தக் கண்ணோட நரம்புத்தலை சின்னதா நெருக்கமா இருக்கான்னு ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. பெரிய குறட்டை விடறவரா இருந்தா தூக்க டெஸ்ட் பண்ணுங்க. பிபி மாத்திரைய ராத்திரி போடறாரான்னு பாத்து, நேரத்த மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

இன்னொரு கருத்து வேணும்னா வேலூர் சிஎம்சியோட கண் பிரிவு ஆரணி ரோடு ஷெல் காம்பஸ்ல இருக்கு, மெயின் ஆஸ்பத்திரில போய் தேடாதீங்க. மூணு ஓசிடியும் கலர்ல இருக்கட்டும், ஜெராக்ஸ்ல பச்சையும் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியும். கண்மணிய விரிக்கற சொட்டு மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் மங்கும், பைக்க அப்பாகிட்ட குடுக்காதீங்க.