ஆடு மேய்த்தவன் முதல் சண்டையிலேயே சாகாமல் இருக்க

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதன்முறையாக ஆடப்போகிறேன் (ஆளுக்கொரு கேரக்டராக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு). இளவரசன், மந்திரவாதி எல்லாம் வேண்டாம். மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த சாதாரண ஆளாக முதல் லெவலில் தொடங்க ஆசை. "முதல் சண்டையிலேயே செத்துவிடுவான், கூடுதல் புத்தகங்கள் வாங்கு" என்று குழுவில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவ்வளவு சுலபத்தில் சாகமாட்டான். புத்தகமும் வாங்க வேண்டாம். பலரும் செய்யும் தவறு, ஏழை என்பதற்காக எண்களைக் குறைத்து எழுதுவது. விதிப்புத்தகம் சொல்லும் சாதாரண ஊர்க்காரனுக்கு எல்லாத் திறனும் 10, உயிர்ப்புள்ளி 4. கோப்ளின் என்னும் குட்டி அரக்கன் ஒருமுறை குத்தினால் சராசரியாக 5 போகும். எளிமை அவன் பேச்சிலும் பையிலும் தெரியட்டும். எண்களில் கஞ்சத்தனம் வேண்டாம்.

2014 விதிகளின்படி இனத்துக்கு மனிதன், வகுப்புக்கு ஃபைட்டர் (போர்வீரன்), பின்னணிக்கு, அதாவது முந்தைய வாழ்க்கைக்கு, ஃபோக் ஹீரோ (ஊர் மக்களின் நாயகன்) என்று எடுங்கள். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை அதே வரிசையில் பலம், உடல்வலு, விவேகம், சுறுசுறுப்பு, வசீகரம், அறிவு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். மனிதன் என்பதால் எல்லாவற்றிலும் 1 கூடும். உயிர்ப்புள்ளி 12. சங்கிலிக் கவசம், கேடயம், டிஃபென்ஸ் சண்டைமுறை மூன்றும் சேர்ந்தால் ஏசி, அதாவது எதிரியின் அடி உங்கள் மேல் பட எட்ட வேண்டிய எண், 19. கோப்ளின் பகடையில் விழுவதோடு 4 கூட்டிக்கொள்ளும் என்பதால், 20 பக்கப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் கோப்ளினின் அடி உங்கள் மேல் படும். ஆயுதம் கோடரியாக இருக்கட்டும். விறகு வெட்டியவன் கைக்குப் பொருந்தும்.

விலங்குகளைக் கையாள்வது, காட்டில் பிழைப்பது இரண்டும் பின்னணியிலேயே வந்துவிடும். ஃபைட்டர் தேர்ந்தெடுக்கும் திறன் பட்டியலிலும் அவை இருப்பதால் மறுபடி அவற்றையே டிக் செய்யாதீர்கள். அங்கே உடற்பயிற்சித் திறனையும் கவனிக்கும் திறனையும் எடுங்கள். முன்கதைக்கு நாலு வரி போதும்.

ஆடு மேய்த்தவனிடம் 75 பொற்காசு விலையுள்ள கவசம் எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இறந்துபோன படைவீரனுடையது, ஊர் கூடி வாங்கித் தந்தது என எதையாவது டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவர்) பேசி முடிவுசெய்யுங்கள். கவசமே பிடிக்கவில்லை என்பதற்காக, பொருட்களுக்குப் பதில் காசு வாங்கும் வழிக்கு மட்டும் போகாதீர்கள். அந்த வழியில் 4 பக்கப் பகடை ஐந்தை உருட்டி, கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்க வேண்டும். விழுவது 50 ஆகவும் இருக்கலாம். அதோடு வகுப்பும் பின்னணியும் தரும் அத்தனை பொருளும் போய்விடும். இந்த வரி வேறொரு அத்தியாயத்தில் ஒளிந்து கிடக்கிறது. புதியவர்கள் வருடக்கணக்காக இதில் மாட்டுகிறார்கள். இதை வகுப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் விதிகளை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் செய்ததுதான். 2024இல் திருத்திய விதிகளும் அதே பெயரில் வந்துள்ளன. அதில் திறன் எண்களின் உயர்வு பின்னணியிலிருந்து வருகிறது. பழையதிலிருந்து மனிதனையும் புதியதிலிருந்து பின்னணியையும் எடுத்தால் உயர்வு இரண்டு முறை சேர்ந்துவிடும். எந்த ஆண்டு விதி என்று டிஎம்மிடம் முதலில் கேளுங்கள்.

யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். மேலே சொன்ன மனிதன், ஃபைட்டர், ஃபோக் ஹீரோ மூன்றும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இலவசமாக வெளியிட்ட 2014 அடிப்படை விதிகளிலேயே இருக்கின்றன. "எல்லாப் புத்தகமும் ஒரே டிரைவ் லிங்கில்" என்று விற்பவர் விற்பது திருட்டுப் பிரதி. "பலமான கேரக்டர் செய்து தருகிறேன்" என்று கட்டணம் கேட்பவர் பெரும்பாலும் பதினோராம், பன்னிரண்டாம் லெவலில் ஜொலிக்கும் ஆளைத்தான் தருவார். முதல் லெவலில் அவன் தடுமாறுவான், உங்கள் ஆட்டிடையன் நிற்பான்.

பின்னணி தரும் பையில் 10 பொற்காசு இருக்கும். அதில் 5 கொடுத்து முதலுதவிப் பெட்டி வாங்குங்கள். பத்து முறை பயன்படும். உயிர்ப்புள்ளி சுழியத்துக்கு விழுந்தவரைப் பகடை உருட்டாமலே சாவிலிருந்து நிறுத்தலாம். விழுவது நீங்களாகவும் இருக்கலாம் என்பதால், பெட்டி எந்தப் பையில் இருக்கிறது என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.