இரவு குவார்ட்டர், விடிகாலை நான்கு மணிக்கு கார்: மோர் குடித்தால் போதுமா?

நண்பரே, கல்யாண வரவேற்பில் இரவு பதினொரு மணிவாக்கில் ஒரு குவார்ட்டர், நான்கு மணிக்கு எழுந்து குளித்து மோர் குடித்துவிட்டுத் திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 180 மில்லி விஸ்கியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 125 மில்லிகிராம் வரை ஏறலாம். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். ஐந்து மணி நேரம் கழித்தும் 50 மிச்சம் இருக்கும். சட்டம் அனுமதிப்பது 30. மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. தெளிந்துவிட்டோம் என்ற தைரியத்தை மட்டும் கொடுக்கும். அதுதான் வினை. குடித்த தூக்கம் ஆழமாகவும் இருக்காது, நான்கு மணி என்பதே கண் சொருகும் நேரம். எதிரே லாரியின் பிரேக் விளக்கு எரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடியிருப்பீர்கள்.

மாட்டினால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வண்டி அடிபட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்கவும் வாய்ப்புண்டு.

குடித்தே ஆக வேண்டுமென்றால் மறுநாள் மதியச் சாப்பாடு முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அவசரம் என்றால் இன்றே ஒரு ஆக்டிங் டிரைவரிடம் சொல்லி வையுங்கள், முகூர்த்த நாளில் கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காது.